கோப்ரா: விவாகரத்துக்குப் பிறகு 36 மாதங்கள்

கோப்ரா என்றால் நம் ஊரில் நல்லபாம்பு. அமெரிக்காவில் வேலை போன ஒருவரிடம் போய் "கோப்ரா எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டால் அவர் பயந்து ஓடமாட்டார். "விலையைப் பார்த்தீர்களா?" என்றுதான் திருப்பிக் கேட்பார். அங்கே கோப்ரா என்பது ஒரு சட்டத்தின் சுருக்கப் பெயர். வேலை இழந்தவர்கள், துணையை இழந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள் ஆகியோர் கம்பெனி மூலம் கிடைத்த மருத்துவக் காப்பீட்டைக் கொஞ்ச காலத்துக்கு விடாமல் வைத்துக்கொள்ள அந்தச் சட்டம் வழி செய்கிறது.

இதில் விவாகரத்து ஆனவர்களின் கதை தனிக்கதை. கணவனின் கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸில் மனைவிக்கும் இடம் இருந்தது. திருமணம் முறிந்தது. இப்போது அந்த இன்சூரன்ஸ் மனைவிக்கு உண்டா, இல்லையா? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் பதில் தேடப் போனால் இரண்டாம் உலகப் போர்க்கால சம்பளக் கட்டுப்பாடு, வருமான வரிச் சட்டம், ராணுவ ஓய்வூதியம், 50 வயதைக் கடந்த பெண்களின் போராட்டம் என்று ஒரு பெரிய வரலாறே வருகிறது.

முதலில், இன்சூரன்ஸ் ஏன் வேலையோடு ஒட்டிக்கொண்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாதம் 50 சென்ட்

1929-ம் ஆண்டு. டெக்சாஸ் மாநிலம் டல்லஸ் நகரத்தில் பேலர் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை. நோயாளிகள் பணம் கட்ட முடியாமல் பாக்கி வைத்துப் போவது பெரிய தலைவலியாக இருந்தது. அங்கே நிர்வாகியாக இருந்த ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல் அதற்கு முன் டல்லஸ் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். ஆசிரியர்களின் நிலைமை அவருக்குத் தெரியும். அவர் ஒரு யோசனை சொன்னார். ஆசிரியர்கள் மாதம் 50 சென்ட் கட்டினால் போதும், ஆண்டுக்கு 21 நாள் வரை மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெறலாம். பின்னாளில் 'ப்ளூ கிராஸ்' என்று நாடு முழுவதும் பரவிய திட்டங்களின் தொடக்கம் இதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, திட்டம் தனி மனிதர்களுக்கு விற்கப்படவில்லை. ஒரே இடத்தில் வேலை பார்க்கும் ஒரு கூட்டத்துக்கு விற்கப்பட்டது. கூட்டமாக விற்றால் செலவு குறைவு. நோயாளிகள் மட்டும் வந்து சேர்ந்துகொள்வார்கள் என்ற பயமும் இல்லை.

அடுத்து போர் வந்தது. 1942 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் விலைவாசியைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் போட்டது. சம்பளத்தை இஷ்டத்துக்கு உயர்த்தக் கூடாது. ஆனால் ஆண்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட, ஆலைகளில் ஆள் பற்றாக்குறை. சம்பளத்தைக் கூட்டாமல் ஆட்களை எப்படி இழுப்பது? இன்சூரன்ஸ், ஓய்வூதியம் போன்ற சலுகைகளை அந்தச் சட்டம் கட்டுப்பாட்டிலிருந்து விட்டு வைத்திருந்தது. முதலாளிகள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

போர் முடிந்ததும் இது போய்விடவில்லை. 1954-ல் வந்த வருமான வரிச் சட்டத்தின் 106-ம் பிரிவு, முதலாளி கட்டும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் தொழிலாளியின் வருமானத்தில் சேராது என்று உறுதி செய்தது. அதாவது 100 டாலரைச் சம்பளமாகக் கொடுத்தால் அதற்கு வரி உண்டு. அதையே இன்சூரன்ஸாகக் கொடுத்தால் வரி கிடையாது. அதன் பிறகு யார் சம்பளமாகக் கேட்பார்கள்? வேலையும் மருத்துவக் காப்பீடும் கழற்ற முடியாத ஜோடி ஆகிவிட்டன.

'சார்ந்தவர்' என்ற கட்டம்

இந்த ஏற்பாட்டில் குடும்பத்துக்கும் ஓர் இடம் இருந்தது. கணவன் வேலைக்குப் போவான், மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்வாள், கணவனின் பாலிசியில் மனைவியும் பிள்ளைகளும் 'சார்ந்தவர்கள்' என்று சேர்க்கப்படுவார்கள். அந்தக் காலத்துக் குடும்பத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

ஆனால் அதற்கு அடியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. திருமணம் நிலைத்திருக்க வேண்டும். மனைவிக்கு அந்த பாலிசியில் சொந்தமாக எந்த உரிமையும் கிடையாது. மனைவி என்ற உறவுதான் அவளுடைய அனுமதிச் சீட்டு. உறவு போனால் சீட்டும் போச்சு!

பிள்ளைகள் விஷயம் வேறு. அப்பாவும் அம்மாவும் பிரிந்தாலும் பிள்ளை அப்பாவுக்குப் பிள்ளைதான். 1993-ல் வந்த ஒரு சட்டம், நீதிமன்ற உத்தரவு இருந்தால் அந்தப் பிள்ளையைத் தன் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டது. முன்னாள் பிள்ளை என்று ஒன்று இல்லை. முன்னாள் மனைவி என்று ஒன்று உண்டு. சிக்கல் முழுவதும் அந்த 'முன்னாள்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

1969-ல் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு புதிய குடும்பச் சட்டம் கொண்டுவந்தது. அதில் கையெழுத்துப் போட்ட ஆளுநர், பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்டு ரீகன். அதுவரை விவாகரத்து வேண்டுமென்றால் கணவன் அல்லது மனைவி மீது குற்றம் நிரூபிக்க வேண்டும். 1970 ஜனவரி 1 முதல் அங்கே அது தேவையில்லை, ஒத்துப் போகவில்லை என்று சொன்னாலே போதும். மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1960-ல் ஆயிரம் பேருக்கு 2.2 ஆக இருந்த விவாகரத்து, 1981-ல் 5.3 ஆனது.

சேர்ந்து வாழ முடியாதவர்களுக்கு இந்த மாற்றம் பெரிய விடுதலை. அதை மறுக்க முடியாது. ஆனால் திருமணம் நிலைக்கும் என்று நம்பிக் கட்டப்பட்ட காப்பீட்டு முறையை யாரும் மாற்றி அமைக்கவில்லை.

50 வயதில் நடுத்தெருவில்

25 வருடம் சமையல், பிள்ளை வளர்ப்பு, மாமியார் மாமனாருக்குப் பணிவிடை என்று இருந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். 52 வயதில் விவாகரத்து. வேலை அனுபவம் இல்லை, அதனால் நல்ல வேலை கிடைக்காது. வேலை இல்லாததால் கம்பெனி இன்சூரன்ஸ் இல்லை. தனியாக பாலிசி வாங்கப் போனால் "உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, புற்றுநோய் வந்திருக்கிறதா?" என்று கேட்பார்கள். 'ஆம்' என்றால் பாலிசி கிடைக்காது, அல்லது கட்டுப்படியாகாத விலை சொல்வார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1965-லேயே வந்துவிட்டது. ஆனால் அது 65 வயதுக்கு மேல்தான். 52-க்கும் 65-க்கும் நடுவில் 13 வருடம். மெனோபாஸ், மூட்டுவலி, மார்பகப் புற்றுநோய் எல்லாம் வரும் வயதும் அதுதான்.

இப்படிப்பட்ட பெண்களுக்கு ஒரு பெயர் வைத்தவர் டிஷ் சோமர்ஸ். 1914-ல் பிறந்தவர். தன் 57-வது வயதில் விவாகரத்து ஆனவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடு, ஊர் இழந்து அலைந்த அகதிகளை 'இடம்பெயர்க்கப்பட்டவர்கள்' என்று அழைத்தார்கள் அல்லவா? அதே சொல்லை எடுத்து 'இடம்பெயர்க்கப்பட்ட இல்லத்தரசி' என்றார் அவர். குடும்பம் என்ற வேலையிடத்திலிருந்து எந்த நோட்டீசும் இல்லாமல், பணிக்கொடையும் இல்லாமல் வெளியேற்றப்பட்டவள் என்று பொருள்.

அவரோடு கை கோர்த்தவர் லாரி ஷீல்ட்ஸ். கணவரை இழந்தவர். ஒருவர் விவாகரத்து ஆனவர், இன்னொருவர் விதவை. இருவரும் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டிலிருந்து வேலை செய்தார்கள். 1975-ல் அந்த மாநிலம் இப்படிப்பட்ட பெண்களுக்குத் தொழிற்பயிற்சி மையம் அமைக்க நாட்டிலேயே முதல் சட்டம் போட்டது. 1980-ல் அயோவா மாநிலம் டெ மொய்ன் நகரில், வயதான பெண்கள் பற்றி வெள்ளை மாளிகை சார்பில் ஒரு கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தை ஒட்டிப் பிறந்ததுதான் 'மூத்த பெண்கள் சங்கம்'. நொந்துகொண்டிருக்காதே, ஒன்று சேர் என்பது அவர்கள் கொள்கை.

சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று மருத்துவக் காப்பீடு. அவர்கள் இலவசமாகக் கேட்கவில்லை. கணவன் இருந்தவரை எந்தக் குழுவில் இருந்தோமோ அந்தக் குழுவிலேயே, பணம் கட்டி, இருக்க விடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

முதலில் வழி திறந்தது ராணுவம்

ஆச்சரியம் என்னவென்றால், முன்னாள் மனைவிக்கு மருத்துவ வசதி உண்டு என்று தேசிய அளவில் முதலில் ஒத்துக்கொண்ட இடங்களில் ஒன்று ராணுவம்.

1981-ல் 'மெக்கார்ட்டி' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ராணுவ ஓய்வூதியத்தை விவாகரத்தின்போது மனைவிக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ராணுவ வீரரின் மனைவி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறுவாள். ஒரு வேலையில் நிலைத்திருக்க அவளால் முடியாது. 20 வருடம் இப்படி மூட்டை கட்டித் திரிந்தவளுக்கு ஒன்றுமே இல்லையா? எதிர்ப்பு கிளம்பியது. கொலராடோவின் நாடாளுமன்ற உறுப்பினர் பாட்ரிசியா ஷ்ரோடர் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர். 1982-ல் முன்னாள் துணைவர் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் மருத்துவப் பகுதியை '20/20/20 விதி' என்கிறார்கள். திருமணம் குறைந்தது 20 வருடம். ராணுவ சேவை குறைந்தது 20 வருடம். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடிய காலமும் 20 வருடம். மூன்றும் இருந்தால் விவாகரத்துக்குப் பிறகும் ராணுவ மருத்துவ வசதி தொடரும். மறுமணம் செய்துகொண்டால் போய்விடும். சேர்ந்து ஓடிய காலம் 15 வருடத்துக்கு மேல், 20-க்குக் கீழ் என்றால், பின்னாளில் வந்த திருத்தங்களின்படி ஒரு வருடம் மட்டும் கிடைக்கும். 19 வருடம் 11 மாதம் வாழ்ந்தவளுக்கு முழு வசதி கிடையாது. கொடுமையான கணக்குதான்!

ஆனாலும் இந்த விதிக்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. 20 வருடம் சேர்ந்து வாழ்ந்ததையே அவள் செய்த சேவையாக எண்ணி, அதற்கு ஈடாக மருத்துவ வசதியைத் தந்தார்கள். மனைவியாக இருந்த வருடங்களுக்கு ஒரு மதிப்பு போட்டார்கள்.

1984-ல் மத்திய அரசு ஊழியர்களின் முன்னாள் துணைவர்களுக்கும் ஒரு சட்டம் வந்தது. ஓய்வூதியத்தில் பங்கு பெறும் தகுதி இருந்து, 55 வயதுக்குள் மறுமணம் செய்யாமல் இருந்தால், பணம் கட்டி அரசு ஊழியர் காப்பீட்டில் தொடரலாம்.

பாக்கி இருந்தது தனியார் கம்பெனிகள். அங்கேதானே பெரும்பாலானவர்கள் வேலை பார்க்கிறார்கள்?

பட்ஜெட்டுக்குள் ஒரு பாம்பு

கோப்ரா என்பதன் விரிவைத் தமிழில் சொன்னால் '1985-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த பட்ஜெட் சமரசச் சட்டம்' என்று வரும். அரசின் செலவைக் குறைக்கக் கொண்டுவந்த, நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட சட்டம். அதில் எல்லாம் இருந்தது. அதன் 10-ம் தலைப்பில்தான் காப்பீட்டுத் தொடர்ச்சி பற்றிய விதிகள் இருந்தன. கலிஃபோர்னியாவின் பீட் ஸ்டார்க் கீழவையிலும், மாசசூசெட்ஸின் எட்வர்ட் கென்னடி மேலவையிலும் இதற்கு முன்நின்றார்கள். மசோதா இரு அவைகளுக்கும் நடுவே போய்ப் போய் வந்து 1985 முடிந்தே போனது. பெயரில் 1985 இருந்தாலும் கையெழுத்தானது 1986 ஏப்ரல் 7-ல்தான். கையெழுத்துப் போட்டவர் அதே ரீகன். விவாகரத்தை எளிதாக்கிய சட்டத்துக்கும், அதன் ஒரு விளைவைச் சரிசெய்ய வந்த சட்டத்துக்கும் ஒரே கை!

டிஷ் சோமர்ஸ் அந்த நாளைப் பார்க்கவில்லை. 1985 அக்டோபரில் புற்றுநோயில் இறந்துவிட்டார். ஆறு மாதம் முந்திவிட்டது மரணம்.

சட்டம் சொன்னது இதுதான். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் இருந்தவர்கள், காப்பீட்டை இழக்கும் நிலை வந்தால், பணம் கட்டித் தொடரலாம். வேலை போனால் 18 மாதம். விவாகரத்து, சட்டப்படி பிரிந்து வாழ்தல், ஊழியரின் மரணம் ஆகியவற்றுக்கு 36 மாதம். உடல்நலப் பரிசோதனை கிடையாது. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று மறுக்க முடியாது. சட்டத்தில் 'மனைவி' என்று இல்லை, 'துணைவர்' என்றே இருப்பதால், மனைவியின் இன்சூரன்ஸில் இருந்த கணவனுக்கும் இதே உரிமை உண்டு.

கம்பெனிகள் இதை மதிக்க என்ன உத்தரவாதம்? அதற்கும் வரிச் சட்டத்தையே பிடித்தார்கள். மீறினால் காப்பீட்டுச் செலவை வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று முதலில் வைத்தார்கள். 1988-ல் அதை மாற்றி, பாதிக்கப்பட்ட ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் என்று தனி வரி போட்டார்கள். 1954-ல் வரிச் சலுகையால் ஒட்டிய ஜோடியை, 1986-ல் வரி மிரட்டலால் கட்டுப்படுத்தினார்கள்.

102 சதவீதம்

இனி கணக்குக்கு வரலாம். கதையின் கசப்பு இங்கேதான் இருக்கிறது.

சட்டம் தொடரும் உரிமையைக் கொடுத்தது. பணத்தைக் கொடுக்கவில்லை. முதலாளி கட்டி வந்த பங்கு, தொழிலாளி கட்டி வந்த பங்கு, இரண்டையும் முன்னாள் மனைவியே கட்ட வேண்டும். அதோடு நிர்வாகச் செலவுக்கு 2 சதவீதம். மொத்தம் 102 சதவீதம் வரை வாங்கலாம்.

சுகாதாரத் துறையை ஆராயும் கேஎஃப்எஃப் அமைப்பின் 2023 கணக்குப்படி, கம்பெனிக் காப்பீட்டில் ஒரு தனி நபருக்கான சராசரி ஆண்டு பிரீமியம் 8,435 டாலர். அதில் தொழிலாளி கையிலிருந்து போனது சராசரியாக 1,401 டாலர்தான். மீதியை முதலாளி கட்டினார்.

வேலையில் இருப்பவர் கட்டுவது: 1,401 ÷ 12 = மாதம் சுமார் 117 டாலர்.
கோப்ராவில் கட்டுவது: 8,435 × 1.02 ÷ 12 = மாதம் சுமார் 717 டாலர்.

ஆறு மடங்கு! அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே அட்டை. வருமானம் குறையும் நேரத்தில் செலவு ஆறு மடங்கு கூடுகிறது. இந்தப் பணத்தையும் ஜீவனாம்சப் பேச்சுவார்த்தையில் சேர்த்துக் கேட்பது அங்கே வழக்கம். கேட்கத் தெரிந்த வக்கீல் கிடைத்தால் நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. 62 வயதில் விவாகரத்து ஆனால் 36 மாதம் சரியாக 65-ல் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மெடிகேர். திருமணம் 10 வருடமாவது நீடித்திருந்து, அவர் மறுமணம் செய்யாமலும் இருந்தால், முன்னாள் கணவனின் உழைப்புக் கணக்கை வைத்தே மெடிகேரின் மருத்துவமனைப் பகுதி பிரீமியம் இல்லாமல் கிடைக்கும். ஆனால் 55 வயதில் விவாகரத்து ஆனால்? 58-ல் பாலம் முடிந்துவிடும். மறுகரை 65-ல் இருக்கிறது. நடுவில் 7 வருடம் தண்ணீர்.

1996-ல் வந்த 'ஹிப்பா' சட்டம் இதில் ஒரு துண்டை அடைக்கப் பார்த்தது. கோப்ராவை முழுவதும் முடித்தவருக்குத் தனி பாலிசி மறுக்கக் கூடாது என்றது. ஆனால் அந்த பாலிசிக்கு என்ன விலை வைக்கலாம் என்று மத்திய அரசு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. கதவு திறந்திருந்தது, வாசலில் டிக்கெட் விலை மட்டும் எட்டாத உயரத்தில்.

60 நாளும் ஒரு தந்திரமும்

உரிமை இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டுமே! வேலை போனால் கம்பெனிக்குத் தானாகத் தெரியும். விவாகரத்து ஆனது கம்பெனிக்கு எப்படித் தெரியும்? அதனால் 60 நாளுக்குள் ஊழியரோ துணைவரோ திட்ட நிர்வாகிக்குத் தெரியப்படுத்த வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். தகவல் போன பிறகு நிர்வாகி 14 நாளில் கடிதம் அனுப்ப வேண்டும். தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய இன்னொரு 60 நாள். முதல் பணம் கட்ட 45 நாள். கோர்ட், வீடு மாற்றம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று அலையும் ஒருவர் இந்தத் தேதிகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சிலர் வேறு வேலை செய்தார்கள். விவாகரத்து வரப்போகிறது என்று தெரிந்ததும், முன்கூட்டியே மனைவியின் பெயரைப் பாலிசியிலிருந்து அடித்துவிடுவது. விவாகரத்து நாளில் அவள் காப்பீட்டிலேயே இல்லையே, இல்லாததை எப்படித் தொடர்வது என்று வாதம். 2002-ல் அமெரிக்க வருமான வரித்துறை இதற்குத் தெளிவான விளக்கம் கொடுத்தது. விவாகரத்தை எதிர்பார்த்துப் பெயரை நீக்கியிருந்தால், விவாகரத்து நாளிலிருந்து கம்பெனி கோப்ரா கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பெயர் நீக்கிய நாளுக்கும் விவாகரத்து நாளுக்கும் இடையில் உள்ள காலத்துக்கு அதில் பாதுகாப்பு இல்லை. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் விவாகரத்து மனு போட்டதுமே, இன்சூரன்ஸை ரத்து செய்யக் கூடாது என்ற தடை தானாக வந்துவிடும்.

மாசசூசெட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த மாநிலச் சட்டப்படி, விவாகரத்துத் தீர்ப்பு வேறு மாதிரி சொல்லாவிட்டால், இருவரில் ஒருவர் மறுமணம் செய்யும் வரை முன்னாள் துணைவர் கூடுதல் பிரீமியம் இல்லாமல் அதே பாலிசியில் தொடரலாம். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதிலும் ஓர் ஓட்டை. 1974-ல் வந்த 'எரிசா' என்ற மத்தியச் சட்டப்படி, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்காமல் தாங்களே பணம் ஒதுக்கித் திட்டம் நடத்தும் கம்பெனிகளை மாநிலக் காப்பீட்டுச் சட்டம் கட்டுப்படுத்தாது. பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் இப்படித்தான் நடத்துகின்றன. ஆக ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்குக் காப்பீடு தொடரும், மற்றவளுக்கு 36 மாதமும் 102 சதவீதமும்தான். வித்தியாசம், முன்னாள் கணவன் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறான் என்பது மட்டுமே.

இது தமிழ்நாட்டிலிருந்து அங்கே போன குடும்பங்களுக்கும் தூரத்து விஷயம் இல்லை. எச்1பி விசாவில் கணவன் வேலை பார்க்க, எச்4 விசாவில் இருக்கும் மனைவியின் இன்சூரன்ஸும் பெரும்பாலும் கணவனின் கம்பெனி வழியாகத்தான் வருகிறது. 2015 மே மாதம் வரை எச்4-ல் இருந்தவர்கள் வேலைக்கே போக முடியாது. அதன் பிறகும் ஒரு பகுதியினருக்கே அனுமதி. விவாகரத்து ஆனால் விசாத் தகுதியும் காப்பீடும் ஒரே நாளில் கையை விட்டுப் போகும்.

இரண்டு முறை விடுபட்டவர்கள்

கோப்ராவின் விலை தாங்க முடியாதது என்பது அரசுக்கும் தெரியும். 2009-ல் பொருளாதார நெருக்கடி வந்தபோது, கோப்ரா பிரீமியத்தில் 65 சதவீதத்தை அரசே ஏற்றது. 2021-ல் கொரோனா காலத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 100 சதவீதமும் ஏற்றது. நல்ல விஷயம். ஆனால் யாருக்கு? 2009-ல், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கு. 2021-ல், அவர்களோடு வேலை நேரம் குறைக்கப்பட்டவர்களுக்கும். விவாகரத்தால் கோப்ராவுக்கு வந்தவர்கள் இரண்டு முறையும் பட்டியலில் இல்லை. கம்பெனி வேலை போனால் அது பொருளாதாரப் பிரச்சினை. வீட்டு வேலை போனால் அது சொந்தப் பிரச்சினை!

இழப்பு எவ்வளவு என்று 2012-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிரிட்ஜட் லாவெல், பமீலா ஸ்மாக் இருவரும் ஓர் ஆய்வில் காட்டினார்கள். ஆண்டுக்குச் சுமார் 1,15,000 அமெரிக்கப் பெண்கள் விவாகரத்தை ஒட்டித் தனியார் மருத்துவக் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் சுமார் 65,000 பேர் எந்தக் காப்பீடும் இல்லாமல் நின்றார்கள். கோப்ரா வந்து பல வருடங்களுக்குப் பிறகு எடுத்த தகவல்கள் இவை. பாலம் இருந்தும் ஏன் விழுந்தார்கள் என்பதற்குப் பதில் அந்த 102 சதவீதக் கணக்கிலேயே பெருமளவு இருக்கிறது.

பெரிய மாற்றம் 2010-ல் கையெழுத்தான, ஒபாமாகேர் என்று அழைக்கப்படும் சட்டத்தால் வந்தது. 2014 ஜனவரி 1 முதல், ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி யாருக்கும் பாலிசி மறுக்க முடியாது. நோயைக் காட்டி விலையைக் கூட்டவும் முடியாது. விவாகரத்தால் காப்பீட்டை இழந்தவர் 60 நாளுக்குள் அரசு ஏற்படுத்திய காப்பீட்டுச் சந்தையில் புதிய பாலிசி வாங்கலாம். வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகையும் உண்டு. பலருக்கு இது கோப்ராவை விட மலிவு. மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கான மெடிகெய்டு விரிவாக்கத்தை மட்டும், 2012-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஏற்காத மாநிலத்தில் வசிக்கும் ஏழைப் பெண்ணுக்கு அந்த வழி இன்னும் அடைபட்டே இருக்கிறது.

யாருடைய காப்பீடு?

இந்த வரலாறு முழுவதிலும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. மனைவிக்குக் கிடைத்த காப்பீடு யார் சம்பாதித்தது?

கணவன் சம்பாதித்தது, அவள் அதில் ஒண்டியிருந்தாள் என்பது ஒரு பதில். கோப்ரா இந்தப் பதிலோடு சண்டை போடவில்லை. "போகும்போது முழு விலை கொடுத்து 36 மாதம் வைத்துக்கொள்" என்றது. அவளை ஒரு வாடிக்கையாளராகப் பார்த்தது.

இருவரும் சேர்ந்து சம்பாதித்தது என்பது இன்னொரு பதில். ஒருவர் நிம்மதியாக வேலைக்குப் போக, இன்னொருவர் வீட்டில் உழைத்தார். அந்த உழைப்புக்குச் சம்பளம் இல்லை, ரசீது இல்லை, வரிக் கணக்கில் இடம் இல்லை. ராணுவத்தின் 20/20/20 விதி, தன் கொடுமையான எல்லைக்கோட்டோடு, இந்தப் பதிலை நெருங்கி வந்தது. மெடிகேரின் 10 வருட விதியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. மனைவியாக இருந்த வருடங்களும் சேவைக் காலம்தான் என்று.

கணக்குப் பதிவியல் படிப்பவர்களுக்கு ஒரு பால பாடம் உண்டு. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டும். ஒரு பெண்ணின் 25 வருட உழைப்பைக் குடும்பம் பெற்றுக்கொண்டது. அதற்கு எதிரே எந்தப் பதிவும் இல்லை. ஐந்தொகை பொருந்தவில்லை என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் டிஷ் சோமர்ஸும் அவருடைய தோழிகளும். அவர்கள் வாங்கிக் கொடுத்தது முழுத் தொகை இல்லை, 36 மாதத் தவணை மட்டுமே. மீதி இன்னும் பாக்கியாகவே இருக்கிறது.